பெயர்ப் பலகையில் ஓர் 'உம்'

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், டெலிகிராஃப் அவென்யூவை ஒட்டிய ஒரு தெருவில், சலவைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே இருக்கிறது அந்த உணவகம். மொத்தம் பத்து மேஜை. பெயர்ப் பலகையில் 'எரித்ரியன் அண்ட் எத்தியோப்பியன்' என்று கொட்டை எழுத்து. பலகை வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. நடுவில் உள்ள 'அண்ட்' மட்டும் நேற்று பெயின்ட் அடித்தது போலப் பளிச்சென்று தெரிகிறது.

2025 பிப்ரவரிக் கடைசியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அது அவருடைய பேட்டை. "தோசைக்குப் பங்காளி ஒருத்தன் இருக்கான், வந்து பார்" என்று அழைத்துப் போனார்.

பங்காளியின் பெயர் இன்ஜெரா. கசகசாவைப் போலச் சின்னதாக இருக்கும் டெஃப் என்ற தானியத்தின் மாவை, முந்தைய மாவிலிருந்து எடுத்து வைத்த புளித்த நீரைச் சேர்த்து இரண்டு மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். பெரிய வட்டக் கல்லில் ஊற்றி மூடிவிடுவார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேல்பக்கம் முழுவதும் சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றுக்குக் 'கண்' என்று பெயர். கண் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு கைத்திறன். ஆப்பம் சுடும் எந்தப் பெண்மணியும் இதை ஒப்புக்கொள்வார்.

நல்ல நாளாகப் போயிருந்தோம். எத்தியோப்பிய, எரித்ரிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முன் 55 நாள் பெரிய நோன்பு. அது தொடங்கிய வாரம். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. ஆண்டு முழுவதும் பெரும்பாலான புதன், வெள்ளிகளிலும் இதே விதி. எனவே சைவத்துக்காரன் அங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இன்ஜெராவின் மேல் குவியல் குவியலாக வைத்தார்கள்: காரமான மசூர்ப் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கடலை மாவுக் குழம்பு போன்ற ஷிரோ, வதக்கிய கீரை, முட்டைக்கோஸ். பெர்பெரே என்ற மிளகாய்ப் பொடியில் வெந்தயமும் ஓமமும் வாசனை காட்டின. கரண்டி கிடையாது. வலது கையால் இன்ஜெராவைப் பிய்த்து அதிலேயே அள்ள வேண்டும். இதற்கு நமக்குப் பயிற்சி தேவையில்லை.

பயிற்சி தேவைப்பட்டது வேறு விஷயத்துக்கு. நான்கு பேருக்கும் ஒரே தட்டு. அண்ணி ஓரமாகத் தன் பங்கைப் பிரித்து எல்லை கட்டிக்கொண்டார். எச்சில் என்ற சொல்லுக்கு ஆங்கிலம் கண்டுபிடிக்க முடியாமல் நான் பல வருடம் திணறியிருக்கிறேன். அந்தச் சொல்லோடு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தட்டு ஒரு பரீட்சைதான். போதாக்குறைக்கு, உணவகத்தின் உரிமையாளரான அம்மாள் வந்து, ஒரு கவளம் சுருட்டி அண்ணியின் வாய்க்கு நேரே நீட்டினார். இதற்கு குர்ஷா என்று பெயர். மறுத்தால் மரியாதையில்லை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு அந்த எல்லைக்கோடு தட்டில் இல்லை.

அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பிறந்தது அடிஸ் அபாபாவில். நான் இந்தியா என்றதும் உட்கார்ந்துவிட்டார். சக்கரவர்த்தி ஹைலே செலாசி காலத்தில் அந்த நாட்டுப் பள்ளிகளுக்கு இந்தியாவிலிருந்து ஏராளமான ஆசிரியர்கள் போனார்கள். கேரளத்தவர் அதிகம், தமிழர்களும் உண்டு. "என் கணக்கு வாத்தியார் உங்கள் ஊர்க்காரர்தான். அவர் தலையாட்டினால் விடை சரியா, தப்பா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை" என்கிறார்.

1974-ல் சக்கரவர்த்தி கவிழ்ந்து ராணுவ ஆட்சி வந்தது. அம்மாள் சூடானுக்கு ஓடிப்போனார். கார்ட்டூமில் சந்தித்த இன்னொரு அகதியைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவர் அஸ்மாராக்காரர், எரித்ரியர். இருவரும் அமெரிக்கா வந்து, 1994-ல் இந்த உணவகத்தைத் திறந்தார்கள்.

மெனு அட்டையில் பல பண்டங்களுக்கு இரண்டு பெயர். அம்ஹாரிக் மொழியில் இன்ஜெரா என்பது எரித்ரியாவின் திக்ரின்யாவில் தைத்தா. அங்கே வத் என்பது இங்கே ஸெப்ஹி. தேன் மது அங்கே தேஜ், இங்கே மியெஸ். இரண்டு மொழிக்கும் எழுத்து ஒன்றுதான். கணவர் சமையலில் தக்காளி கூடும் என்பது அம்மாளின் புகார். "எத்தியோப்பியா என்று மட்டும் போட்டால் என் கணவரின் சொந்தக்காரர்கள் வரமாட்டார்கள். எரித்ரியா என்று மட்டும் போட்டால் அமெரிக்கர்கள் வரமாட்டார்கள், அப்படி ஒரு நாடு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் 'அண்ட்' போட்டோம்" என்று சிரிக்கிறார்.

அது வெறும் வியாபாரமாகவே இருந்திருக்கலாம், சரித்திரம் விட்டிருந்தால். எரித்ரியா 1890 முதல் 1941 வரை இத்தாலியின் காலனி. மெனுவின் கடைசிப் பக்கத்தில் ஸ்பகெட்டி இருப்பது அதனால்தான். பிறகு பிரிட்டிஷ் நிர்வாகம். ஐ.நா. தீர்மானப்படி 1952-ல் எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைத்தார்கள். 1962-ல் சக்கரவர்த்தி கூட்டாட்சியைக் கலைத்து அதைத் தன் மாகாணம் ஆக்கினார். முந்தைய ஆண்டே ஆயுதப் போராட்டம் தொடங்கியிருந்தது. முப்பது ஆண்டுச் சண்டை 1991-ல் முடிந்தது. 1993-ல் வாக்கெடுப்பு நடந்து எரித்ரியா தனி நாடானது. எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை இல்லாமல் போயிற்று. ஐந்தே ஆண்டுகளில், 1998 மே மாதம், பாத்மே என்ற எல்லை ஊரை முன்வைத்து மறுபடியும் போர். இரண்டு ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். எரித்ரிய வம்சாவளியினர் சுமார் 75,000 பேரை எத்தியோப்பியா வெளியேற்றியது. எரித்ரியாவும் தன் பங்குக்கு ஆயிரக்கணக்கான எத்தியோப்பியர்களை அனுப்பியது.

அந்த 75,000 பேரில் ஒருவர் அம்மாளின் மைத்துனர். முப்பது வருடம் அடிஸ் அபாபாவில் கடை வைத்திருந்தவர். பஸ்ஸில் ஏற்றி எல்லையில் இறக்கிவிட்டார்கள். மனைவி எத்தியோப்பியர், அவரும் ஒன்பது வயது மகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். இரு நாடுகளுக்கும் இடையே போன் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டு ஊரிலிருந்தும் ஓக்லாந்துக்குப் பேசலாம்.

"ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்துவோம். அங்கே அப்போது காலை. சமையலறையில் இரண்டு போன் வாங்கி வைத்தோம். ஒன்றில் அஸ்மாரா, ஒன்றில் அடிஸ் அபாபா. ஒரு ரிசீவரின் காதை இன்னொன்றின் வாயோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். சத்தம் சரியாகக் கேட்காவிட்டால் நானே நடுவில் நின்று சொல்வேன்: அப்பா கேட்கிறார், பரீட்சை எப்படி எழுதினாய்? மகள் சொல்கிறாள், நன்றாக எழுதினேன்."

எங்கள் தெருவிலும் தெரிந்தவர்கள் சிலர் இதற்காகவே வந்து காத்திருப்பார்கள், இன்ஜெராகூட ஆர்டர் செய்யமாட்டார்கள் என்கிறார் அவர். புகாராகச் சொல்லவில்லை.

2018 ஜூலையில் எத்தியோப்பியப் பிரதமர் அபி அஹமதும் எரித்ரிய அதிபர் இசயாஸ் அஃப்வெர்கியும் கட்டித் தழுவினார்கள். போன் இணைப்பு திரும்பியது. இருபது ஆண்டுக்குப் பின் விமானம் பறந்தது. அந்தப் பெண் 29 வயதில் அஸ்மாரா போய் இறங்கினாள். தகப்பனார் அவளைத் தாண்டிப் பின்னால் வந்த ஒரு சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அந்தச் செய்தியை அப்போது மொழிபெயர்த்தவர்களில் நானும் ஒருத்தி. 'இருபது ஆண்டுப் பகை முடிந்தது' என்று தலைப்புக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அபிக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டு, 2020 நவம்பரில், திக்ரே பகுதியில் போர் வெடித்தது. எரித்ரியப் படைகளும் உள்ளே நுழைந்தன. 2022 நவம்பரில்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தப் போரின்போது ஒரு காலையில் பார்த்தால், பலகையில் இருந்த 'அண்ட்' மீது யாரோ கறுப்பு பெயின்ட் பூசியிருந்தார்கள்.

"எந்தப் பக்கத்து ஆள்?" என்றேன்.

"தெரியாது. இரண்டு பக்கத்திலும் அவரவர் காரணம் இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் வாடிக்கையாளர்கள் வந்து, மற்ற பெயரை எடுத்துவிடு, நாங்கள் திரும்ப வருகிறோம் என்றார்கள். எடுக்கவில்லை. சிலர் இன்னும் வரவில்லை. 'அண்ட்' மட்டும் மூன்று தடவை எழுதிவிட்டேன்."

பிறகு என் தொழிலைக் கேட்டார். சொன்னேன். "எங்கள் முப்பது வருடச் சண்டைக்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?"

உள்நாட்டுப் போர் என்று எழுதலாம், பிரிவினைப் போர் என்று எழுதலாம், விடுதலைப் போர் என்றும் எழுதலாம். மூன்றும் நல்ல தமிழ். ஒவ்வொன்றும் ஒரு கட்சி. ஏஜென்சி எந்தச் சொல்லை அனுப்புகிறதோ அதைத்தான் பெரும்பாலும் தமிழாக்கியிருக்கிறேன். தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. "நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன்.

"இந்த வீட்டில் நாங்கள் 'அந்தக் காலம்' என்று சொல்லிவிடுவோம்" என்றவர், காபி வறுக்க எழுந்தார். பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் காட்டி, ஜெபெனா என்ற மண் கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்றுகிறார்கள். மூன்றாவது சுற்றுக்கு பெரெகா, ஆசீர்வாதம் என்று பெயர். முதல் சுற்றோடு எழுந்துபோவது அழகல்ல. அவசரக்காரரான அண்ணனும் மூன்று சுற்று உட்கார்ந்திருந்தார். அடிஸ் அபாபாவிலிருந்து அஸ்மாராவுக்கான விமானச் சேவை 2024 செப்டம்பரில் நிறுத்தப்பட்டதை இரண்டாவது சுற்றில் அம்மாள் சொன்னார். பழைய ரிசீவர்கள் இரண்டையும் தூக்கிப் போடவில்லையாம்.

மார்ச்சில் டில்லி திரும்பியதும் மேஜைக்கு வந்த செய்திகளில் ஒன்று, செங்கடல் துறைமுகத்தை முன்னிட்டு இரு நாடுகளிடையே பதற்றம் என்றது. 'எரித்ரியா மற்றும் எத்தியோப்பியா' என்று ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. எம்.ஏ. வகுப்பில் எங்கள் பேராசிரியர் இந்த 'மற்றும்' என்ற சொல்லைக் கண்ட இடத்தில் அடிப்பார். ஆங்கில 'அண்ட்' வேஷம் போட்டு வந்திருக்கிறது, தமிழில் எண்ணும்மை இருக்கும்போது இது எதற்கு என்பார். அன்று அது வெறும் இலக்கணமாகத் தெரிந்தது. 'மற்றும்' போட்டால் முதல் பெயர் வீட்டுக்காரர், இரண்டாவது கூட வந்தவர். 'உம்' இரண்டு பெயரோடும் ஒட்டிக்கொள்கிறது.

'எரித்ரியாவும் எத்தியோப்பியாவும்' என்று திருத்தினேன். தலைப்பில் இடம் போதவில்லை என்று பக்கத்து மேஜையிலிருந்து ஆட்சேபம் வந்தது. எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னேன்.