பாஸ்வேர்டு மாத்தியும் மெயில் வெளியே போகுதா? செக் பண்ண வேண்டிய அந்த ஒரு செட்டிங்!

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் போடணும்னாகூட அட்மினைக் கேட்கணும். ஆனால், வர்ற மெயிலைப் பிரிச்சு வைக்கிற ஃபில்டரை ஊழியரே போட்டுக்கலாம். பல இடங்களில் வேறு முகவரிக்கு ஃபார்வர்டு பண்ணவும் யாரையும் கேட்க வேண்டாம். இந்த வசதிதான் மோசடி கும்பல்களுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

என்ன நடக்குது?

பாஸ்வேர்டைத் திருடி உள்ளே நுழைபவர், 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்', 'பேங்க்' போன்ற சொற்கள் உள்ள மெயில்கள் தனக்கும் வரும்படி ஃபில்டர் போடுகிறார். யாருக்கு, எப்போது, எவ்வளவு பணம் போகப்போகுது என்பது தெரிந்ததும், சரக்கு தரும் நிறுவனத்தின் பெயரில் ஒரு போலி மெயில்: 'எங்க வங்கிக் கணக்கு மாறிடுச்சு'.

அமெரிக்காவில் நடந்தது

2020 ஆகஸ்ட்டில் மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்று இப்படி 1,75,000 டாலரை இழந்தது. பிரவுசர் வழி மெயிலில் போடப்பட்ட ஃபார்வர்டு விதி, கம்ப்யூட்டரில் இருந்த மெயில் செயலியில் தெரியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் எஃப்.பி.ஐ. இதைச் சொல்லி நிறுவனங்களை எச்சரித்தது.

பாஸ்வேர்டு மாத்தினா போதாதா?

போதாது. பாஸ்வேர்டு மாறினாலும் ஃபில்டர் அப்படியே இருக்கும். ஃபார்வர்டு பண்ணும் முன் ஜிமெயில் உறுதிப்படுத்தல் கேட்கும். ஆனால் அது போவது புதிய முகவரிக்கு. அது திருடனின் முகவரி என்றால் 'ஓகே' கொடுப்பதும் அவரேதான். மைக்ரோசாஃப்ட் 365-ல் வெளியே தானாக ஃபார்வர்டு ஆவது இப்போது இயல்பாகவே தடுக்கப்படுகிறது. ஆனாலும், மெயிலை வேறு ஃபோல்டரில் மறைத்து வைக்கும் விதியைப் போட முடியும்.

எப்படி செக் பண்றது?

* மொபைல் செயலியில் இல்லாமல், பிரவுசரில் ஜிமெயிலைத் திறங்க.
* பல்சக்கர ஐகானைத் தொட்டு, எல்லா செட்டிங்ஸையும் காட்டும் பகுதிக்குப் போங்க.
* ஃபார்வர்டிங், ஃபில்டர்ஸ் ஆகிய இரண்டையும் பாருங்க. நீங்க போடாத முகவரியோ ஃபில்டரோ இருந்தா நீக்குங்க.
* பாஸ்வேர்டை மாத்தி, மற்ற சாதனங்களில் இருந்து வெளியேறி, இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் பண்ணுங்க.

'கணக்கு எண் மாறிடுச்சு' என்று மெயில் வந்தால், அதில் உள்ள நம்பரை நம்பாம, ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கும் நம்பருக்கு போன் பண்ணிக் கேளுங்க. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும், 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கும் சொல்லுங்க.