மருந்து தரும் கை

மருந்துப் பையின் மேல் ஒட்டப்பட்ட சீட்டில் 'செஹாரி' என்று இருந்தால் ஒரு நாளைக்கு என்று பொருள். 'செமிங்கு' என்று இருந்தால் ஒரு வாரத்துக்கு. மலாய் படிக்கத் தெரிந்தவருக்கு இவ்விரண்டும் மிக எளிய சொற்கள். ஆனால், மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்செட் மாத்திரையில் இந்த ஒரு சொல் மாறினால் உயிருக்கே ஆபத்து. அம்மாத்திரையை வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் அது எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, இரத்த அணுக்கள் உருவாவதைத் தடுத்துவிடும். இந்தத் தவற்றால் பல நாடுகளில் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள்.

மலாக்கா மாநிலத்தில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் பால்மரம் வெட்டியே முதுமையடைந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மலாய் பேசுவார்கள். கடையில் பேரம் பேசும் அளவுக்கு நன்றாகவே பேசுவார்கள். படிக்கத்தான் தெரியாது. மருத்துவர் அறையில் சொன்னது பாதி நினைவிலும் பாதி பதற்றத்திலும் போய்விடும். அதன் பிறகு வீட்டுக்குப் போகுமுன் அவர்கள் சந்திக்கும் கடைசி ஆள், மருந்தகச் சாளரத்தின் மறுபக்கம் நிற்பவர்தான். அந்த ஆளுக்குத் தமிழ் தெரிந்திருந்து, "பாட்டி, இது வாரத்துக்கு ஒரு தடவைதான். எந்தக் கிழமை சாப்பிடப் போறீங்க, சொல்லுங்க?" என்று கேட்டு, பாட்டியின் வாயாலேயே பதிலை வாங்கிவிட்டால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும்.

அந்தச் சாளரத்தில் நிற்பவர் பல வேளைகளில் உதவி மருந்தாளர். மலாயில் 'பெனோலோங் பெகாவாய் ஃபார்மசி' என்பார்கள். பட்டம் பெற்ற மருந்தாளர் வேறு, இவர் வேறு. மருந்தாளர் நான்காண்டுப் பட்டப்படிப்பு முடித்து, பயிற்சிக் காலமும் கடந்து, 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவர். மருந்துச்சீட்டு சரியா, அளவு பொருந்துமா, ஒரு மருந்து இன்னொரு மருந்தோடு மோதுமா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அவர் மேற்பார்வையில் மருந்தை எடுப்பது, எண்ணுவது, கலப்பது, சீட்டு ஒட்டுவது, நோயாளியிடம் கொடுப்பது போன்ற வேலைகளை உதவி மருந்தாளர் செய்கிறார். இவ்வேலைக்குத் தமிழ் மாணவர்கள் மேலும் பலர் பயிற்சி பெற வேண்டும். மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமாக இதைக் கருதாமல், விரும்பித் தேர்ந்தெடுக்கும் தொழிலாகக் கருத வேண்டும்.

பெயர் புதியதாகத் தோன்றினாலும் இத்தொழில் மலாக்காத் தமிழருக்குப் புதியதன்று. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் அதுதான். அடுத்துப் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. தோட்டங்கள் பெருகப் பெருகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களை மலேரியாவும் வரவேற்றது. காட்டை அழித்த இடத்தில் கொசு பெருகியது. காய்ச்சல் கூட்டம் கூட்டமாக ஆட்களைச் சாய்த்தது. அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் மருத்துவர் அல்லர், 'டிரசர்'. புண்ணுக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பார், புட்டியில் கலவை மருந்து ஊற்றித் தருவார். புட்டியின் பக்கவாட்டில் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். ஒரு வேளைக்கு ஒரு பல் அளவு குடிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி அமைந்த அந்த எளிய உத்தி, இன்றைய கணினிச் சீட்டில் இல்லை.

டிரசரைப் புகழ்ந்துகொண்டே இருக்கவும் முடியாது. எல்லா நோய்க்கும் ஒரே புட்டிதானா என்று தோட்டத்து மக்கள் முணுமுணுத்த காலமும் இருந்தது. அனுபவம் மட்டும் போதாது, தகுதியும் பதிவும் வேண்டும் என்பதை அரசும் உணர்ந்தது. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் தனிச் சட்டம் வந்தது. பிறகு இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் தோட்ட வரிசை வீடுகளை விட்டுப் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. டிரசர் இருந்த இடம் காலியானது. பாட்டி மட்டும் ஒரு ரிங்கிட் கட்டி, அரசாங்கக் கிளினிக்கில் எண் அழைக்கப்படுவதற்காகக் காத்திருக்கிறார்.

இனிப் பயிற்சிக்கு வரலாம். "மாத்திரை எண்ணிப் பையில் போடுவதற்கு மூன்று ஆண்டுப் படிப்பா?" என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமாகத் தோன்றும். பதில் ஒரு சிறு கணக்கில் இருக்கிறது.

காய்ச்சலோடு வரும் 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பாராசிட்டமோல் கொடுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 15 மி.கி. என்று மருத்துவர் எழுதியிருந்தால், குழந்தைக்குத் தேவை 180 மி.கி. இம்மருந்து நம் நாட்டில் வெவ்வேறு செறிவுகளில் கிடைக்கிறது. ஒன்றில் 5 மி.லி.க்கு 120 மி.கி. மருந்து இருக்கும், மற்றொன்றில் அதே 5 மி.லி.க்கு 250 மி.கி. முதலாவதில் 7.5 மி.லி. கொடுக்க வேண்டும். இரண்டாவதில் 3.6 மி.லி. போதும். புட்டியைப் பார்க்காமல், பழக்கத்தில் இரண்டாவதிலிருந்து 7.5 மி.லி. ஊற்றினால் குழந்தையின் வயிற்றில் போவது 375 மி.கி. அதாவது, தேவையானதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மூன்றாம் படிவ மாணவர் போடக்கூடிய கணக்குதான். ஆனால், எதிரில் ஐம்பது பேர் காத்திருக்க, தொலைபேசி அடிக்க, குழந்தை வீறிட்டு அழ, அக்கணக்கை ஒருமுறைகூடத் தவறாமல் போட வேண்டும். அதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் பயிற்சி.

பெயர்களும் ஏமாற்றும். மெட்ஃபோர்மின் நீரிழிவுக்கு, மெட்ரோனிடசோல் கிருமித் தொற்றுக்கு. அலமாரியில் அகர வரிசைப்படி அடுக்கினால் இரண்டும் அருகருகே வந்து நிற்கும். இத்தகைய இரட்டைகளைப் பிரித்து வைக்கவும், பெயரில் வேறுபடும் எழுத்துகளைப் பெரிதாக அச்சிட்டு ஒட்டவும் பயிற்சியில் கற்றுத் தருகிறார்கள். உடற்கூறு, மருந்தியல், மருந்து தயாரிப்பு, கிடங்கு மேலாண்மை, சட்டம் ஆகியவை பாடங்கள். இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும், உறைந்துபோனதை எடுத்து வீச வேண்டும், முதலில் காலாவதியாகும் மருந்தை முதலில் வெளியே அனுப்ப வேண்டும் என்பவையெல்லாம் கேட்கச் சாதாரணம். மருத்துவமனைகளில் நேரடிப் பயிற்சி பெறும்போதுதான் அவற்றின் கனம் தெரியும்.

பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2006இல் நடந்தது சான்று. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்த இரண்டு வயதுச் சிறுமிக்கு மருந்து கலக்கப்பட்டது. 0.9 விழுக்காடு இருக்க வேண்டிய உப்புக் கரைசலின் செறிவு 23 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. கலந்தவர் மருந்தக உதவியாளர். சரிபார்க்க வேண்டிய மருந்தாளரும் பிழையைக் காணத் தவறினார். சிறுமி இறந்தாள். அதுவரை அம்மாநிலத்தில் மருந்தக உதவியாளருக்குப் பயிற்சியோ சான்றிதழோ சட்டப்படி கட்டாயமாக இருக்கவில்லை. 2009இல்தான், அச்சிறுமியின் பெயரால் வழங்கும் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. உலகச் சுகாதார நிறுவனமும் 2017இல், மருந்துத் தவறுகளால் நேரும் கடுந்தீங்கை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகளுக்கு அறைகூவல் விடுத்தது.

தவறு எப்போதும் மருந்தகத்துக்குள்ளேயே நடப்பதில்லை, வீட்டிலும் நடக்கும். 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. இந்தியரிடையே இந்நோய் பிற இனத்தாரைவிட அதிகம். நீரிழிவுக்குத் தரப்படும் கிளிக்ளசைடு மாத்திரையை உணவுக்கு முன் உட்கொள்ளச் சொல்வார்கள். மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். நோன்பு மாதத்தில் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று முஸ்லிம் நோயாளிகளுக்கு மருத்துவமனைகள் ஆலோசனை வழங்குகின்றன. மிக நல்ல ஏற்பாடு அது. புரட்டாசிச் சனிக்கும் கந்த சஷ்டிக்கும் விரதமிருக்கும் பாட்டியிடம் அதே கேள்வியைக் கேட்க யாருக்குத் தோன்றும்? தம் வீட்டில் அவ்விரதத்தைக் கண்டு வளர்ந்தவருக்கு உடனே தோன்றும். "வெள்ளிக்கிழமை ஒருவேளை சாப்பாடுதானா பாட்டி?" என்று அவர் கேட்பார். பதிலைக் கேட்டுத் தாமே அளவை மாற்றிவிட மாட்டார். அந்த உரிமை அவருக்கு இல்லை. மருந்தாளரை அழைப்பார். அவர் செய்ய வேண்டியது அவ்வளவே. ஆனால், அவர் கேட்காவிட்டால் மருந்தாளருக்கு இது தெரிய வராமலே போகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. முகத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்யக் கூடாது. மலாக்காவின் காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் தமிழ் வழி வந்தவர்கள், சைவக் கோயில்களைப் போற்றுகிறவர்கள். ஆனால், அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். அதே ஊரில் தமிழில் நலம் விசாரிக்கும் சீன, மலாய் ஊழியர்களும் உண்டு. தமிழ் மாணவர் இத்தொழிலுக்கு வர வேண்டும் என்பது தமிழருக்கு மட்டும் மருந்து கொடுக்க அன்று. வருகிறவர் மலாயில் தடுமாறாமல் விளக்க வேண்டும். சீனப் பெரியவரிடம் சொல்ல நாலு சொல்லாவது கற்க வேண்டும்.

வீட்டில் எழும் எதிர்ப்பையும் பேசாமல் விட முடியாது. பிள்ளை நன்றாகப் படித்தால் 'டாக்டர்' என்பதே பல பெற்றோரின் ஒரே சொல். 'உதவி' என்று தொடங்கும் பதவிப் பெயரைக் கேட்டதும் முகம் சுருங்குகிறது. அவர்கள் கவலையில் உண்மையும் இருக்கிறது. சம்பளம் மருந்தாளரைவிடக் குறைவு. நாள் முழுவதும் நிற்க வேண்டும். தனியார் கல்லூரியில் டிப்ளோமா முடித்த எல்லாருக்கும் அரசாங்க வேலை காத்திருப்பதில்லை. இதை விளம்பரத் தாள்கள் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. ஆகவே, சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளுக்கு முதலில் முயல்வதே அறிவுடைமை. தனியார் கல்லூரிதான் என்றால், அப்படிப்புக்கு எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா என்று அதன் இணையப் பதிவேட்டில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். பார்க்காமல் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துவிட்டு, பிறகு பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்கவில்லை என்று அழுவதில் பயனில்லை.

தகுதி குறைந்த வேலை என்ற எண்ணத்துக்குச் சட்டமே பதில் தருகிறது. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ்ப் பட்டியலிடப்பட்ட மருந்துகளைக் கடையில் பதிவு பெற்ற மருந்தாளரோ அவரது நேரடி மேற்பார்வையில் உள்ளவரோதான் விற்கலாம். மருந்தாளர் வெளியே போயிருக்கும் வேளையில், பழக்கமான வாடிக்கையாளர் வந்து, "போன மாதம் கொடுத்ததுதானே தம்பி, கொடு" என்று கேட்பார். முதலாளியும் விற்பனையைத்தான் பார்ப்பார். அப்போது, "மன்னிக்கணும் அண்ணே, மருந்தாளர் வந்ததும் தர்றேன்" என்று சொல்லும் துணிவு இருபத்திரண்டு வயது இளைஞருக்கு வேண்டும். அதைக் குறைந்த பொறுப்பு என்று யார் சொல்ல முடியும்?

டிப்ளோமாவில் சிறந்த தேர்ச்சி பெற்றவர் பிறகு பட்டப்படிப்புக்குப் போய் மருந்தாளராகவும் வழி உண்டு. ஆனால், அதற்காக மட்டும் இதைத் தொடங்குவதும் பொருத்தமன்று. சாளரத்தில் நிற்கும் மூன்றாண்டையும் முப்பதாண்டையும் மதிப்பவரே அங்கே நிற்க வேண்டும்.

பள்ளிகளில் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகே தொடங்குகிறது. அது காலங்கடந்த பேச்சு. இப்படிப்புக்கு எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்திலும் அறிவியலிலும் நல்ல தேர்ச்சி வேண்டும். வேதியியல் எடுப்பதா விடுவதா என்பதோ நான்காம் படிவத்தின் தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்தப் பாடத் தேர்வுத் தாள் வீட்டுக்கு வரும் வாரத்தில், மாணவர் தம் பாட்டியுடன் ஒருநாள் கிளினிக்குக்குப் போய், மருந்து வாங்கும் வரிசையில் உட்கார்ந்து, சாளரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம். வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் பையைத் திறந்து, ஒவ்வொரு மாத்திரையையும் எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்கலாம்.