ஹோவர்ட் ரோர்க் எழுதாத பரீட்சை

கட்டடக்கலை படித்தவர்கள் மத்தியில் ஒரு புலம்பல் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே ஐந்து வருஷம் பி.ஆர்க் முடித்து, அமெரிக்கா போய் மேற்படிப்பும் முடித்து, அங்கே ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்ததும் அது உச்சஸ்தாயிக்குப் போய்விடும். ‘இத்தனை வருஷம் டிசைன் படிச்சோம். இப்போ கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு நாலு ஆப்ஷன் குடுத்து டிக் அடிக்கச் சொல்றான். கலைஞனுக்கு எதுக்குய்யா பரீட்சை?’

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இன்னும் நன்றாக இருக்கும். பரீட்சை என்றால் நமக்கும் ஆகாது. ஆனால் இந்தப் புலம்பல் பொய். அந்தப் பரீட்சையைத் திட்ட நியாயமான காரணங்கள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். ‘கலைஞன்’ என்பது அந்தக் காரணங்களில் ஒன்று கிடையாது.

முதலில் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்போம். ஏஆர்இ என்று அழைக்கப்படும் அந்தத் தேர்வில் ஆறு தாள்கள். நடத்துவது என்கார்ப் என்ற அமைப்பு. அமெரிக்க மாநிலங்களின் பதிவு வாரியங்கள் சேர்ந்து 1919இல் உருவாக்கிக்கொண்டது. ஆறில் எல்லோரும் பயப்படும் தாள்களில் ஒன்று ‘ப்ராஜெக்ட் ப்ளானிங் அண்ட் டிசைன்’. நூறு கேள்விகள், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். மண், வெயில், காற்று, கட்டட விதிகள், கட்டமைப்பு, ஏசி, பிளம்பிங், மின்சாரம், செலவு எல்லாம் அதற்குள் வரும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண், இதையெல்லாம் ஒரே கட்டடத்துக்குள் முட்டிக்கொள்ளாமல் உட்காரவைப்பதற்கு.

அந்தத் தாள் எதிர்பார்க்கிற யோசனைக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாலு மாடிக் கட்டடம். தளத்துக்குத் தளம் 12 அடி. உரிமையாளர் கேட்கும் சீலிங் உயரம் 9 அடி. மிச்சம் 3 அடி, அதாவது 36 அங்குலம். இதற்குள் 6 அங்குலக் கான்கிரீட் தளம், அதன் கீழே 18 அங்குல பீம், அதன் கீழே 14 அங்குல ஏசி டக்ட், கடைசியில் விளக்குக்கு 4 அங்குலம். கூட்டினால் 42. ஆறு அங்குலம் இடிக்கிறது.

என்ன செய்வீர்கள்? தளத்துக்கு ஆறு அங்குலம் உயர்த்தினால் கட்டடம் மொத்தமாக 2 அடி வளரும். அந்தத் தெருவில் அனுமதிக்கப்பட்ட உயரமே 48 அடிதான், அதைத் தாண்டிவிடும். வெளிச்சுவர்ச் செலவும் ஏறும். சீலிங்கை இறக்கினால் உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். பீமுக்குப் பதிலாக நடுவே இடைவெளி உள்ள இரும்பு ஜாயிஸ்ட் போட்டால் டக்ட் அதன் ஊடாகவே போய்விடும். கணக்கு 28 அங்குலத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அந்த மெல்லிய கம்பிகளைத் தீயிலிருந்து பாதுகாக்கத் தனியாக ஏற்பாடு வேண்டும், அதற்கும் காசு வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், இது டிசைன் இல்லையென்றால் வேறு எது டிசைன்? ஆறு அங்குலத்துக்காக சட்டம், காசு, தீ, உரிமையாளர், அழகு ஐந்தும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டை போடுகின்றன. நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதுதான் இந்தத் தொழில். ஸ்டூடியோவில் ஜூரி முன்னால் ‘கான்செப்ட்’ சொல்லிக் கைதட்டு வாங்கும்போது டக்ட்டுக்கு எடையும் கிடையாது, இடமும் கிடையாது.

‘கலைஞன்’ வாதத்துக்கு ஒரு குலதெய்வம் இருக்கிறார். அயன் ராண்டின் ‘தி ஃபவுண்டன்ஹெட்’ நாவலில் வரும் ஹோவர்ட் ரோர்க். 1943இல் வெளிவந்த புத்தகம். இன்றைக்கும் ஆர்க்கிடெக்சர் ஹாஸ்டல்களில் கைமாறிக்கொண்டிருக்கிறது. ரோர்க் கல்லூரியிலிருந்து துரத்தப்பட்டவன். யாருக்கும் வளையாதவன். கடைசியில் ஏழைகளுக்கான குடியிருப்பு ஒன்றைத் தன் வரைபடப்படி கட்டாமல் மாற்றிவிட்டார்கள் என்று அதை வெடிவைத்துத் தகர்க்கிறான். நீதிமன்றம் அவனை விடுவிக்கிறது. இருபது வயதில் வாசிக்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும்.

ரோர்க்கைக் குறைத்துச் சொல்லவில்லை. எஞ்சினியரிங்கில் அவன் புலி. மேலே சொன்ன ஜாயிஸ்ட் கணக்கை அரை நிமிஷத்தில் போட்டுவிடுவான். அவன் தடுக்கி விழுகிற இடம் வேறு. அந்த நாவல் முழுக்க, கட்டடத்துக்குள் வாழப்போகிறவர்கள் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. குடியிருப்பு வெடிக்கிறது, அங்கே வீடு கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கதைக்குக் கவலையில்லை. இந்தப் பரீட்சைக்கோ அந்தக் கவலை மட்டும்தான் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர் எந்த வழியாக உள்ளே வருவார்? புகை சூழ்ந்தால் நாலாவது மாடியில் இருப்பவர் எந்தப் படிக்கட்டைத் தேடுவார்? இலக்கியம் அடுத்தவன் வலியைத் தெரிந்துகொள்ளும் வழி என்று நாம்தானே சொல்கிறோம்? அப்படியானால் அந்த நாவலைவிட இந்த வினாத்தாள் இலக்கியத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

சரி, கதவுக்கு வருவோம். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் பின்பற்றப்படும் கட்டட விதித் தொகுப்பின்படி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் வெளியேறும் கதவு, வெளியேறும் திசையிலேயே திறக்க வேண்டும். இதைத்தான் ‘அல்ப விஷயம்’ என்கிறார்கள். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா தியேட்டரில் தீப்பிடித்தது. திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. தீயே பிடிக்காது என்று விளம்பரம் செய்யப்பட்ட கட்டடம். சில வாசல்கள் பூட்டியிருந்தன, சில திரைக்குப் பின்னால் மறைந்திருந்தன, சில உள்பக்கமாகத் திறந்தன. அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். விடுமுறைக் காலத்து மேட்னி. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

இண்டியானாபொலிஸ் ஊரின் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தவர், அன்று அந்தக் காட்சிக்குப் போயிருக்க வேண்டியவர், கடைசி நேரத்தில் போகவில்லை. அந்த அதிர்ச்சியிலிருந்துதான், உடம்பு மோதினாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பி கதவுக்கு வந்தது. 1908இல் விற்பனைக்கும் வந்தது. இன்றைக்கு எந்த மாலுக்குப் போனாலும் அவசர வாசலில் அதைப் பார்க்கலாம். அந்தக் கடை நாவலாசிரியர் கர்ட் வானகட்டின் கொள்ளுத் தாத்தா தொடங்கியது. வானகட்டின் அப்பாவும் தாத்தாவும் ஆர்க்கிடெக்டுகள். கதவுக் கம்பிக்கும் இலக்கியத்துக்கும் உறவே இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஆர்க்கிடெக்டுகளுக்கு லைசென்ஸ் சட்டம் போட்ட முதல் அமெரிக்க மாநிலம் இல்லினாய்ஸ், 1897இல். இரோக்வா எரிந்தது அதே மாநிலத்தில், ஆறு வருஷம் கழித்து. ஆகவே லைசென்ஸ் என்ற காகிதம் யாரையும் காப்பாற்றிவிடாது. கேட்கப்படும் கேள்வி சரியாக இருக்க வேண்டும், பதில் சொல்கிறவன் அதை நம்ப வேண்டும். இரவு பகலாக ஃப்ளாஷ் கார்டு புரட்டி எண்களை மட்டும் மனப்பாடம் செய்து பாஸாகிறவர்களையும் இந்தக் கட்டுரை சும்மா விடுவதாக இல்லை. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பிணங்களை அறியாதவன், பரீட்சை முடிந்த மறுவாரம் அந்த எண்ணை மறந்துவிடுவான்.

இனி நியாயமான புகாருக்கு வருகிறேன். அது ரோர்க்கின் புகார் இல்லை, சம்பளக்காரர்களின் புகார். தேர்வு போக 3,740 மணி நேர வேலை அனுபவத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். பல வருஷம் ஒரு தாளுக்கு 235 டாலர் கட்டணம் இருந்தது. ஆறுக்கும் 1,410, அதுவும் ஒரு தடவைகூடத் தோற்காமல் இருந்தால். தோற்றால் அதே தாளைத் திரும்ப எழுத 60 நாள் காத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலாக ஒரு கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. பாஸான தாள் ஐந்து வருஷத்தில் காலாவதி. அதற்குள் மிச்சத்தை முடிக்காவிட்டால் அதைத் திரும்ப எழுத வேண்டும். குழந்தை பெற்றவள், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி அலைந்தவன், வேலை போனவன் எல்லோருக்கும் அதே கடிகாரம்தான். பெண்களையும் வெள்ளையரல்லாதவர்களையும் அது கூடுதலாகப் பாதித்தது என்று என்கார்ப் அமைப்பே ஒப்புக்கொண்டு 2023இல் அதைக் கைவிட்டது. அதுவரை அந்தக் கடிகாரத்தில் பாஸ் மார்க்கைத் தொலைத்தவர்களைப் பற்றி ‘கலைஞன்’ கோஷ்டி எத்தனை தடவை பேசியது? ஈகோவுக்காகப் பேசுகிற இடத்தில் நியாயம் காதில் விழாது. தேர்வைத் தூக்கச் சொல்லாதீர்கள். கட்டணத்தை ஆபீஸ் கட்டட்டும், படிக்க லீவு கொடுக்கட்டும் என்று கேளுங்கள். நானும் கூட நிற்கிறேன்.

கடைசியாக, அந்தப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன நம் நாட்டைப் பற்றி. இங்கே 1972ஆம் வருடத்து ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, பட்டம் வாங்கினால் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளலாம். கல்லூரிக்குள் நுழைய நுழைவுத் தேர்வு உண்டு. வெளியே வந்து கட்டடம் கட்ட அங்கே மாதிரி ஒரு லைசென்ஸ் பரீட்சை கிடையாது. 2020இல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது: அந்தச் சட்டம் பாதுகாப்பது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப் பெயரை மட்டும்தான், பதிவு செய்யாதவர் அந்த வேலையைச் செய்வதை அது தடுக்கவில்லை.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் எரிந்தார்கள். ஓலைக்கூரை, ஒடுக்கமான படிக்கட்டு. பரீட்சை எழுதிய ஆர்க்கிடெக்ட் ஒருவர் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அனுமதி கொடுத்தவர்கள், சோதிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் என்று அந்தக் கதை நீளமானது. ஆனால் அந்தக் குழந்தைகள் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்ற கேள்வியை அந்தக் கட்டடத்தைப் பார்த்து ஒருவர்கூட உருப்படியாகக் கேட்கவில்லை. அதைக் கேட்டே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற நாலு மணி நேரம்தான் நீங்கள் திட்டுகிற அந்தத் தாள்.

அடுத்த தடவை ‘கதவு எந்தப் பக்கம் திறக்கணும்’ என்ற கேள்வியைப் பார்த்து எரிச்சல் வந்தால், பேனாவை வைத்துவிட்டு நீங்கள் இருக்கும் அறையின் கதவைப் பாருங்கள். எந்தப் பக்கம் திறக்கிறது? வெளியே போக இன்னொரு வழி இருக்கிறதா?