குழந்தைகள் காப்பகங்களுக்கு ஆடிட்டர் யார்?

கல்லாவில் உட்கார்ந்திருப்பவரையே கணக்கைச் சரிபார்க்கச் சொன்னால் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்! பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம் இது. 2013-ஆம் வருடத்துக் கம்பெனிகள் சட்டத்துக்கும் தெரியும். எவ்வளவு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தாலும் வருடா வருடம் ஆடிட் செய்தே ஆக வேண்டும். அந்த ஆடிட்டர் கம்பெனியின் ஊழியராகவோ பங்குதாரராகவோ இருக்கக் கூடாது.

பணத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு. பெற்றோர் இல்லாத குழந்தைக்கு?

பீகார் மாநிலம் முசாபர்பூரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஒரு தொண்டு நிறுவனம் அரசுப் பணத்தில் சிறுமிகள் காப்பகம் நடத்தியது. சட்டப்படி அங்கே கண்காணிப்புக்குக் குறையே இல்லை. சிறார் நீதிச் சட்டம் 2015 சொல்வது இது: ஆய்வுக் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு காப்பகத்துக்கும் போக வேண்டும். அதில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண், ஒருவர் மருத்துவ அதிகாரி. இது போக, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு மாதம் இரண்டு முறையாவது காப்பகங்களைப் பார்வையிட வேண்டும். இத்தனை பேர் போய் வர வேண்டிய இடத்தில் நடந்த கொடுமை யார் கண்ணிலும் படவில்லை!

கடைசியில் அதை வெளியே கொண்டு வந்தவர்கள் வெளியாட்கள். பீகார் சமூக நலத்துறை கேட்டுக்கொண்டதன் பேரில், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'கோஷிஷ்' குழு மாநிலம் முழுவதும் 110 காப்பகங்களில் சமூகத் தணிக்கை செய்தது. அந்தக் குழு ரிஜிஸ்டரைப் புரட்டியதோடு நிற்கவில்லை, குழந்தைகளிடம் உட்கார்ந்து பேசியது. முசாபர்பூரில் 34 சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானது பின்னர் மருத்துவப் பரிசோதனையில் உறுதியானது.

இதற்கு அரசு என்ன செய்தது? அறிக்கை கைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, 2018 மே 31 அன்று எஃப்.ஐ.ஆர். போட்டது. ஆகஸ்ட்டில் சமூக நலத்துறை அமைச்சர் ராஜினாமா செய்தார். மற்ற 16 காப்பகங்கள் பற்றிய புகார்களையும் சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று நவம்பரில் உச்ச நீதிமன்றம்தான் உத்தரவு போட வேண்டியிருந்தது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்த 19 பேரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியும் உண்டு, குழந்தைகள் நலக் குழுவைச் சேர்ந்தவர்களும் உண்டு. வேலியே பயிரை மேய்ந்த கதை!

ஆட்களைத் தண்டித்தாயிற்று. அமைப்பு மாறியதா? 2021-இல் சிறார் நீதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாவட்ட ஆட்சியருக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தார்கள். காப்பகம் நடத்துபவர் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக முடியாது என்றார்கள். இரண்டுமே நல்ல மாற்றம்தான். ஆனால் ஆட்சியரும் அரசின் ஆள்தானே? ஏற்கெனவே நூறு வேலை பார்க்கிற அவர், எத்தனை குழந்தைகளிடம் தனியாக உட்கார்ந்து பேச முடியும்?

அதே சட்டத்தின் 55-வது பிரிவைப் படித்தால் விஷயம் புரியும். காப்பகங்கள், குழுக்கள் ஆகியவற்றின் செயல்பாட்டை அரசு சுதந்திரமாக மதிப்பீடு "செய்யலாம்" என்கிறது அது. "செய்ய வேண்டும்" என்று சொல்லவில்லை. ஊறுகாய் கம்பெனிக்கு ஆடிட் கட்டாயம், அநாதைக் குழந்தைக்கு அது அரசின் விருப்பம். என்ன நியாயம் இது?

பீகாரில்தான் இப்படி என்று தமிழ்நாட்டில் இருப்பவர்கள் நிம்மதியடைய வேண்டாம். காப்பகங்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் கொடுத்த முக்கியமான தீர்ப்பின் தலைப்பிலேயே 'தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து' என்றுதான் இருக்கிறது. 2007-இல் தொடங்கிய வழக்கு அது. சமூகத் தணிக்கை வேண்டும் என்று அப்போதே நீதிமன்றம் வலியுறுத்தியது.

செலவாகும் என்பார்கள். ஆகத்தான் செய்யும். அரசே கேட்டு வாங்கிய தணிக்கைதானே, அரசைக் குறை சொல்வானேன் என்றும் கேட்பார்கள். அதைச் செய்யச் சொன்ன அதிகாரிகளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அடுத்து வரும் அதிகாரி கேட்காவிட்டால்? நல்ல அதிகாரி வருவாரா என்ற அதிர்ஷ்டத்தில் ஒரு குழந்தையின் பாதுகாப்பு தொங்கக் கூடாது.

வருடத்துக்கு ஒரு முறை, துறைக்குச் சம்பந்தமில்லாத வெளியாட்களைக் கொண்டு, குழந்தைகளைத் தனியாகச் சந்தித்துப் பேசும் தணிக்கை நடக்க வேண்டும். குழந்தைகளின் அடையாளத்தை நீக்கிவிட்டு அந்த அறிக்கையைச் சட்டசபையில் வைக்க வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு சட்டம் தேவையில்லை. இருக்கிற சட்டத்தில் "செய்யலாம்" என்பதை "செய்ய வேண்டும்" என்று மாற்றினால் அதுவே நல்ல தொடக்கம்.