லண்டன் – பாரிஸ்: ஒன்றேகால் மணி நேர ஃப்ளைட்டுக்கு ஏன் ஆறு மணி நேரம் ஆகுது?

ரெண்டு வருஷம் மாசாமாசம் காசு ஒதுக்கி யூரோப் ட்ரிப் பிளான் பண்றீங்க. லண்டன்ல இருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்னு தேடினா, நேர்க்கோட்டில் சுமார் 340 கி.மீ., ஃப்ளைட்ல ஒன்றேகால் மணி நேரம்னு வருது. பக்கத்திலேயே மலிவு டிக்கெட்டும் தெரியுது. உடனே புக் பண்ணத் தோணும். கொஞ்சம் பொறுங்க.

அந்த ஒன்றேகால் மணி நேரம் விமானத்தோட நேரம். உங்க நேரம் வேற. மலிவு டிக்கெட் பெரும்பாலும் லூட்டன் மாதிரி ஊருக்கு வெளியே இருக்கிற ஏர்போர்ட்ல இருந்துதான் கிடைக்கும். அங்க போக 1 மணி நேரம், முன்கூட்டியே போய்க் காத்திருக்க 2 மணி நேரம், பறக்க ஒன்றேகால், இமிகிரேஷனும் பெட்டியும் முக்கால், சார்ல் த கோல் ஏர்போர்ட்ல இருந்து பாரிஸ் ஊருக்குள்ள வர 1 மணி நேரம். மொத்தம் 6 மணி நேரம்!

இப்போ யூரோஸ்டார் ரயிலைப் பாருங்க. 1994-ல் திறந்த கடலடிச் சுரங்கம் வழியா சுமார் 2 மணி 20 நிமிஷம். ஸ்டேஷனுக்குப் போகவும் காத்திருக்கவும் ஒன்றே முக்கால் மணி நேரம் சேர்த்தாலும் நாலு மணி சொச்சம்தான். ரெண்டு நாட்டு பாஸ்போர்ட் செக்கிங்கும் லண்டன் செயின்ட் பான்கிராஸ்லயே முடிஞ்சிடும். பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷன்ல இறங்கி நேரா வெளியே நடக்கலாம். நம்ம தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பல் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

சரி, பணம்? ஒரு உதாரணக் கணக்கு. ஃப்ளைட் 40 பவுண்டு, பெட்டிக்குத் தனியா 30, ரெண்டு பக்கமும் ஏர்போர்ட் போக்குவரத்து 30. ஆக 100. ரயில் டிக்கெட் 90-ன்னு வெச்சுக்கோங்க; சாதாரண வகுப்பிலேயே ரெண்டு பெட்டி சேர்ந்தது. மலிவு எங்க போச்சு?

இதை விடப் பெரிய கணக்கு ஒண்ணு இருக்கு. ஒரு வார ட்ரிப்புக்கு 3 லட்சம் செலவுன்னா, முழிச்சிருக்கிற நேரம் ஏறக்குறைய 100 மணி. அப்போ ஒரு மணி நேரத்தோட விலை 3,000 ரூபாய். ஏர்போர்ட் வரிசையில் போன ரெண்டு மணி நேரம் உங்களுக்கு 6,000 ரூபாய்!

அதுக்காக ரயில்தான் எப்பவும் சரின்னு சொல்லலை. கடைசி நேரத்துல ரயில் டிக்கெட் விலை எகிறிடும். கைப்பையோட மட்டும் போறீங்க, தங்குற இடம் ஏர்போர்ட் பக்கம்னா ஃப்ளைட்டே லாபம்.

முக்கியமான இன்னொண்ணு: பிரிட்டன் ஷெங்கன்ல இல்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு ரெண்டு விசா தனித்தனியா வேணும். பாரிஸ்ல இறங்கி, லண்டன் பார்த்துட்டு, மறுபடி பாரிஸ் வந்து ஊர் திரும்பறதா இருந்தா சிங்கிள் என்ட்ரி ஷெங்கன் விசா போதாது. லண்டன்ல இறங்கி பாரிஸ்ல இருந்து கிளம்புற மாதிரி மல்டி சிட்டி டிக்கெட் போட்டுப் பாருங்க. திரும்பி வர்ற ஒரு பயணச் செலவே மிச்சம்.

என் கருத்து இதுதான்: டிக்கெட் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. ஹோட்டல் வாசல்ல இருந்து ஹோட்டல் வாசல் வரைக்கும் காசையும் நேரத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. பத்து நிமிஷ வேலை. அது உங்க ரெண்டு வருஷ சேமிப்பு, நண்பர்களே!