கையில் பழைய ஸ்டியரிங்; உள்ளே எந்தத் தண்டு?

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையை மோட்டார் சாலை என்றே அழைத்துவிடலாம். ஒரு காலத்தில் பெருங்களத்தூரில் 'ஸ்டாண்டர்டு' கார்கள் பிறந்தன. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 1999-ல் 'ஐகான்' காரை வெளியிட்டது. 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. இடையில், கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லஞ்சேரியில், ரானே நிறுவனமும் ஜப்பானின் என்.எஸ்.கே. நிறுவனமும் கூட்டாக ஏற்படுத்திய ஆலை இருக்கிறது. அந்த ஆலையின் தொழிலே ஸ்டியரிங் தண்டுதான்!

இத்தனையும் இருக்கிற வட்டாரத்திலே, தன் பழைய ஃபியட்டைப் புதுப்பிக்க விரும்பும் அன்பர், அதே தண்டுக்காக எங்கே போகிறார்? வெல்டிங் பட்டறைக்குப் போகிறார். இது வேடிக்கை அல்ல, அபாயம்.

பழைய காரின் முன்பகுதியை மாற்ற விரும்புவது குற்றம் அல்ல. அந்தக் காலத்து டிரம் பிரேக்குக்கும் தளர்ந்த ஸ்டியரிங் பெட்டிக்கும் இன்றைய நெடுஞ்சாலை மிகவும் வேகமானது. டிஸ்க் பிரேக் வைக்கிறார்கள்; பெட்டியை எடுத்துவிட்டு 'ராக்' வைக்கிறார்கள். ஆனால் உள்ளே உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும். அந்த மெல்லிய பெரிய சக்கரம், அதன் அடியில் கை நீட்டினால் அகப்படும் கியர் கைப்பிடி - இவை போய்விட்டால் அது அந்தக் காரே அல்ல என்பார்கள். நியாயமான ஆசைதான். பிள்ளைப் பருவத்தில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து பிடித்த ஸ்டியரிங்கை யார் காயலான் கடைக்குப் போடுவார்கள்?

ஆகவே, பழைய தண்டை வெட்டிப் புதிய ராக்கோடு சேர்க்க வேண்டும். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஈட்டி!

பழைய கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் தண்டு என்பது மேலிருந்து கீழே பெட்டி வரை ஒரே இரும்புக் கம்பி. கார் நேருக்கு நேர் மோதினால் முன்பக்கம் நசுங்கும். பெட்டி பின்னுக்கு வரும். அதோடு கம்பியும் வரும். அதன் மறுமுனையில் இருப்பது காரோட்டியின் மார்பு! இந்த ஈட்டியால் உலகெங்கும் எத்தனையோ உயிர்கள் போயின. மோதலில் தானாக மடங்கிச் சுருங்கும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967-ஆம் ஆண்டுக் கார்களில் வைத்தது. 1968 ஜனவரி முதல் அமெரிக்க அரசு புதிய கார்களுக்கு அத்தகைய பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது.

அதற்கும் முன்பே, 1959-ல் பிரிட்டனில் வெளிவந்த 'டிரையம்ப் ஹெரால்ட்' காரில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சுருங்கும் தண்டு இருந்தது. ராக் ஸ்டியரிங்கும் இருந்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் சாமர்த்தியமும் இருந்தது. அந்தக் காரைத்தான் பெருங்களத்தூர் ஆலை 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்ட்' என்று நமக்குத் தந்தது. ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் ஸ்டியரிங்கில் கை வைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். கவலைப்பட வேண்டியவர்கள் மற்றவர்கள்.

வேலை எப்படி நடக்க வேண்டும்?

வெளிக்குழாயை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதில்தான் கியர் கம்பிகளின் பிடிப்பு இருக்கிறது. அதைக் குட்டையாக வெட்டினால் கியர் தள்ளாடும். உள்ளே இருக்கும் கம்பியைத்தான் சுருக்க வேண்டும். முன்பு அதன் கீழ்முனையைப் பெட்டி தாங்கிக்கொண்டிருந்தது. பெட்டி போன பிறகு தாங்குவது யார்? குழாயின் அடியில் புதிதாக ஒரு பேரிங் வேண்டும். இதை மறந்துவிட்டு, "ஸ்டியரிங் ஆடுகிறதே!" என்று பிறகு விழிப்பவர்கள் உண்டு.

பழைய தண்டும் புதிய ராக்கும் ஒரே நேர்க்கோட்டில் அமைவது அரிது. நடுவே எஞ்சினும் புகைக்குழாயும் குறுக்கிடும். அதனால் யுனிவர்சல் ஜாயின்ட் தேவை. ஒரே ஜாயின்ட்டை அதிகமாக வளைத்தால், கை சீராகச் சுற்றினாலும் கீழே சுழற்சி சீராக இராது. ஓரிடத்தில் வேகமாகவும் ஓரிடத்தில் மெதுவாகவும் திரும்பும். இரண்டு ஜாயின்ட் வைத்து, வளைவைச் சமமாகப் பிரித்து, நடுத்தண்டின் இரு முனைக் கவைகளையும் ஒரே தளத்தில் நிறுத்தினால் ஒன்றின் குறையை மற்றொன்று சரிக்கட்டிவிடும். கவை திரும்பியிருந்தால் ஸ்டியரிங் கனத்தும் இளகியும் மாறி மாறி வரும். மூன்றாவது ஜாயின்ட் வைத்தால் நடுத்தண்டுக்குத் தனியாகத் தாங்கு பேரிங் அவசியம். இல்லாவிட்டால் அது கயிறு திரிப்பதுபோல் சுழலும். அந்த நடுத்தண்டு மோதலில் சுருங்கக்கூடியதாக இருக்கட்டும். பழைய ஈட்டியின் கூர் அங்கேயே மழுங்கிவிடும்.

அச்சுக்குப் பின்னே இருக்க வேண்டிய ராக்கை, அதன் கைகளோடு முன்னே மாற்றிவைத்தால் என்ன ஆகும்? வலப்பக்கம் திருப்பினால் வண்டி இடப்பக்கம் போகும்! சிரிக்க வேண்டாம். காகிதத்தில் வரைந்து பார்க்காமல் இரும்பில் கை வைத்தால் நடக்கக்கூடியதே.

இத்தனையும் தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் வேலை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் தொடங்கி, தெருவோர வெல்டிங் பொறியில் முடிகிறது. அந்த ஒட்டுக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்-ரே பிடித்துப் பார்ப்பவர் யார்? மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தால் எல்லா ஒட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சட்டமும் ஒளிவுமறைவும்

இதற்குச் சட்டமும் ஓரளவு காரணம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. 50 வயது கடந்த கார்களுக்கு 2021-ல் வந்த விதிகள் தனிப் பதிவு தருகின்றன. ஆனால் கார் பழைய உருவிலேயே இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றை அவை பேசுகின்றன. மார்புக்கு நேரே நிற்கும் தண்டுக்கு ஒரு வார்த்தை இல்லை.

கண்டபடி மாற்றுவதைத் தடுப்பது சரியே. ஆனால் உயிர்காக்கும் மாற்றத்துக்கும் வாசல் இல்லாதபோது, அது பின்வாசல் வழியே நடக்கிறது. செய்தவர் வெளியே சொல்ல முடியாது. செய்துகொண்டவர் சோதிக்கக் கொண்டுபோக முடியாது. ஜெர்மனியில் இப்படிப்பட்ட மாற்றங்களை டி.யு.வி. பொறியாளர் பரிசோதித்து, சரியாக இருந்தால் வாகனப் பத்திரத்திலேயே பதிந்துவிடுகிறார். இங்கே அதைச் செய்ய ஆள் இல்லையா, கருவி இல்லையா? ஒரகடத்தில் மத்திய அரசின் உலகளாவிய மோட்டார் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் கூடமே அங்கே உண்டு. வாரத்தில் ஒரு நாள், பழைய காரின் தண்டையும் ஒட்டையும் பரிசோதித்துச் சான்று தர அங்கே ஒரு மேஜை போதும்.

அதுவரை ஃபியட் அன்பர்கள் ஒன்று செய்யலாம். தண்டில் வெல்டிங்கைத் தவிர்த்து, பல்வெட்டு உள்ள ஜாயின்ட்டைப் போல்ட்டால் இறுக்கும்படி கேளுங்கள். லேத்தில் அந்தப் பல்லை வெட்டித் தரும் பட்டறை எது என்று தேடி ஒரு நாள் அலைந்தாலும் பரவாயில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் போல்ட்டை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.