அக்டோபர் 30: ஒரே நாள், இரு வெளியேற்றங்கள்



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் ஊர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். "பிறந்த ஊரா ஐயா, இருக்கிற ஊரா, தாத்தாவுடைய ஊரா?" என்று ஒரு மாணவன் வினவினான். வகுப்பு சிரித்தது. எனக்கோ யாழ்ப்பாணம் நினைவிற்கு வந்தது.

1995 அக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கிவர, விடுதலைப் புலிகளின் அறிவிப்பை ஏற்று வலிகாம மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினர். கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். இதனை நம்மில் பலர் அறிவோம். கண்ணீரோடு பேசியும் இருக்கிறோம்.

அதற்குச் சரியாக ஐந்தாண்டுகளுக்கு முன், 1990 அக்டோபர் 30 அன்று, அதே யாழ்ப்பாண நகரிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். விடுதலைப் புலிகள் அவர்களை ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்திற்குள் வெளியேறுமாறு ஆணையிட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் அவ்வாறு துரத்தப்பட்டனர். அவர்கள் பேசிய மொழியும் தமிழே. இதனை நம்மில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

1995இல் சென்றவர்களுள் பெரும்பாலோர் 1996இலேயே வலிகாமம் திரும்பினர். 1990இல் சென்றவர்களோ புத்தளத்தின் ஓலைக் குடிசைகளில் ஆண்டுகளைக் கழித்தனர். 2002இல் அன்ரன் பாலசிங்கம் அவ்வெளியேற்றத்திற்காக வருத்தம் தெரிவித்தார். ஆயினும், 2009இல் போர் முடிந்த பின்னரே திரும்பும் வழி உண்மையில் திறந்தது. அதற்குள் வீடுகள் இடிந்திருந்தன. காணிகளைக் காடு மூடியிருந்தது.

"போர்தான் முடிந்துவிட்டதே, ஏன் எல்லாரும் திரும்பவில்லை?" என்று கேட்பவர்கள் உளர். "புத்தளத்தில் வேரூன்றிவிட்டார்களே, இனி எதற்குக் காணி?" என்று கேட்பவர்களும் உளர். இரண்டும் அறமற்ற கேள்விகள் என்பேன். பத்தொன்பது ஆண்டுகளில் அங்கே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. தந்தைக்கு ஊர் என்பது யாழ்ப்பாணத் தெரு. மகனுக்கோ தான் படித்த புத்தளப் பள்ளி. திரும்பும் உரிமை வேறு, திரும்பியே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் வேறு. உரிமையை மறுக்காமல், முடிவை அக்குடும்பத்திடமே விட்டுவிடுவதுதான் நீதி.

ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இடப்பெயர்வைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது, நமக்கு இழைக்கப்பட்டதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நம்மவர் பெயரால் பிறருக்கு இழைக்கப்பட்டதையும் சொல்லுங்கள். இரண்டு அக்டோபர்களையும் ஒருசேரக் கற்ற பிள்ளைதான் அகதி என்னும் சொல்லின் பொருளை முழுமையாக உணரும்.

அந்த மாணவனிடம், "மூன்று ஊரைப் பற்றியும் எழுது" என்றேன். இரண்டு பக்கம் கூடுதலாகவே எழுதி வந்தான்.